பாத்திரத்தின் செயலும் ஆடுநரின் பொறுப்பும்: மேசைவழிப் பாத்திர ஆட்டங்களை முன்வைத்து ஓர் அறவியல் ஆய்வு

முன்னுரை

கற்பனைப் பாத்திரம் ஒன்றை ஏற்று ஆடும் ஒருவர், அப்பாத்திரத்தின் வாயிலாகத் தீங்கு ஒன்றைச் செய்கிறார் எனக் கொள்வோம். உடன் ஆடுபவர் ‘ஏன் இவ்வாறு செய்தீர்?’ என்று வினவுகிறார். ‘என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்’ என்பது விடையாக வருகிறது. பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களில் பழகியோர் பலரும் கேட்டிருக்கக்கூடிய தொடர் இது. மேலோட்டமாக நோக்கின் இது கலைக்கு உண்மையாக நிற்கும் ஒருவரின் கூற்றாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் இது ஒரு பொறுப்புத் துறப்பு ஆகும். இவ்விரண்டனுள் எது சரி? கற்பனைப் பாத்திரத்தின் செயலுக்கு அதனை ஆடுபவர் எவ்வளவு பொறுப்பாளி? யாருக்கு அவர் விடை கூறக் கடமைப்பட்டவர்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை ஆய்விதழ் ஒன்றில் இப்பொருள் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் பிறர் குரலில் பேசுதல் என்பது தமிழ் இலக்கியக் கல்வியின் நடுப்பொருள்களுள் ஒன்று. தலைவி கூற்று, தோழி கூற்று, பரத்தை கூற்று எனப் பகுத்துப் பயின்ற நமக்கு, ‘பேசுபவர் யார், கேட்பவர் யார்’ என்னும் வினா புதிதன்று. அவ்வினாவை நம் காலத்து ஆட்ட வடிவம் ஒன்றின்மேல் வைத்துப் பார்ப்பதே இங்குச் செய்யப்படுவது.

ஆட்டத்தின் இயல்பு

இவ்வகை ஆட்டங்களுள் முதலில் அச்சேறி விற்பனைக்கு வந்ததும் இன்றளவும் மிகுதியாக அறியப்பட்டதும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய இதனை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த டி.எஸ்.ஆர். நிறுவனம் 1974ஆம் ஆண்டு வெளியிட்டது. பொம்மைப் படைகளைக் கொண்டு பழங்காலப் போர்களை மேசைமேல் நிகழ்த்திப் பார்க்கும் போராட்டங்களிலிருந்து இது கிளைத்தது. படையணிகளை இயக்குவதற்கு மாற்றாக, ஒவ்வொருவரும் ஒரே ஒரு மனிதரை இயக்குதல் என்பதே இதன் அடிப்படை மாற்றம். அந்த மாற்றம் நிகழ்ந்தவுடன் ‘இப்படையை எங்கே நகர்த்துவது?’ என்னும் வினா மறைந்து, ‘இந்த மனிதர் என்ன செய்வார்?’ என்னும் வினா பிறந்தது. அறவியல் ஆட்டத்துள் நுழைந்த வாயில் இதுவே எனலாம்.

ஆட்டமுறை எளிதில் விளங்கக்கூடியது. நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நெறியாளர், ஏனையோர் ஆடுநர். நெறியாளர் ஒரு சூழலை வாய்மொழியாக விரித்துரைப்பார்: பாழடைந்த கோட்டை, மூடிய கதவு, உள்ளே யாரோ முனகும் ஒலி. ஆடுநர் ஒவ்வொருவரும் தம் பாத்திரம் செய்வதைக் கூறுவர். ஐயத்திற்கு இடமான செயல்களின் முடிவை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். பாத்திரத்தின் வலிமை, திறன், உடைமை, காயம் ஆகியவை ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். முன்னரே எழுதப்பட்ட உரையாடல் இல்லை, பார்வையாளர் இல்லை, வெற்றி தோல்வி என்னும் வரையறுத்த முடிவும் பெரும்பாலும் இல்லை. வாரந்தோறும் கூடி, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் ஒரே கதையைத் தொடர்வதும் உண்டு. இங்கு அது தொடராட்டம் எனப்படுகிறது.

அமைப்புவழித் தொடராட்டம்

நண்பர்கள் தம் வீட்டில் கூடி ஆடுவது ஒரு முறை. அமைப்பு ஒன்றின் பொதுவிதிகளுக்கு உட்பட்டுப் பல ஊர்களில் பலர் ஒரே கற்பனை உலகில் ஆடுவது மற்றொரு முறை. இரண்டாவதற்கு அடித்தளம் இட்டது 1980ஆம் ஆண்டு டி.எஸ்.ஆர். நிறுவனம் தொடங்கிய ஆர்.பி.ஜி.ஏ. என்னும் ஆட்டக்காரர் அமைப்பாகும். ஆட்ட மாநாடுகளில் நடந்த பழைய போட்டிகளில் ஆயத்தப் பாத்திரங்கள் ஆடுநருக்கு வழங்கப்பட்டன. சில மணிநேரம் ஆடி முடித்ததும் பாத்திரத்தோடு உறவு முடிந்துவிடும். 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘லிவிங் சிட்டி’ என்னும் தொடராட்டம் இதனை மாற்றியது. ஆடுநர் தாமே படைத்த பாத்திரத்தை ஊர் ஊராக, மேசை மேசையாக எடுத்துச் செல்லலாயினர்.

இம்முறையின் விரிந்த வடிவமாக 2000 முதல் 2008 வரை நடந்த ‘லிவிங் கிரேஹாக்’ தொடராட்டத்தைக் குறிப்பிடலாம். கற்பனை உலகின் நாடுகள் பலவும் மெய்யுலகின் நாடுகளுக்கும் மாநிலங்களுக்கும் பங்கிட்டுத் தரப்பட்டன. அந்தந்தப் பகுதியின் கதைகளைத் தன்னார்வலர் மூவர் அடங்கிய குழு மேற்பார்த்தது. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் பாத்திரம் பெற்றதும் இழந்ததும் தாளில் பதிவு செய்யப்பட்டன. ஒரு பாத்திரத்திற்கு ஓராண்டில் 52 கால அலகுகள் மட்டுமே உண்டு; அவற்றைச் செலவிட்டே அது கதைகளில் பங்கேற்க இயலும். கற்பனை மனிதருக்கும் ஆண்டு ஒன்று கழிந்தது. அவருடைய வாழ்நாளும் அளந்தே தரப்பட்டது. 2008இல் தொடங்கிய ‘பாத்ஃபைண்டர் சொசைட்டி’, 2014இல் தொடங்கிய ‘அட்வென்சரர்ஸ் லீக்’ ஆகியவை இம்மரபின் பிற்காலத் தொடர்ச்சிகள்.

அமைப்புவழி ஆட்டத்தின் தனித்தன்மை ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. நண்பர் குழுவில் ஒருவரையொருவர் அறிந்திருப்பர். ஒருவரின் கேலி எங்கே முடியும், கோபம் எங்கே தொடங்கும் என்பது தெரியும். அமைப்புவழி ஆட்டத்தில் அறிமுகமற்ற ஐவர் நான்கு மணிநேரம் ஒன்றாக அமர நேர்கிறது. நட்பு செய்யும் பணியை அங்கே விதி செய்ய வேண்டியுள்ளது. எனவேதான் ‘லிவிங் கிரேஹாக்’ தீய சார்புடைய பாத்திரங்களை ஆட இசைவளிக்கவில்லை. ‘பாத்ஃபைண்டர் சொசைட்டி’யும் உடன் ஆடுபவரின் பாத்திரத்தோடு மோதுவதைத் தடுத்தது. மேலும் அது ஒரு நுட்பமான வழியையும் கையாண்டது. பாத்திரங்கள் அனைவரும் ஒரே சங்கத்தின் உறுப்பினர். தேடுதல், அறிவித்தல், ஒத்துழைத்தல் என்னும் மூன்றும் அவர்தம் கடமைகள். மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஒத்துழைக்க வேண்டும் என்னும் மெய்யுலகத் தேவை, கதைக்குள் பாத்திரத்தின் கடமையாக மாற்றப்பட்டுள்ளது. ‘என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்’ என்று கூறுபவரிடம், ‘உம் பாத்திரம் ஒத்துழைக்கக் கடமைப்பட்டது’ என்று கதைக்குள் நின்றே விடை கூற இது வழி செய்கிறது.

ஒரு மேசையில் நிகழ்ந்தது

இவ்விடத்தில் கட்டுரையாளரின் பட்டறிவு ஒன்றைத் தன்மை இடத்திலேயே கூறுவது நேர்மையாகும். அதில் குற்றம் என்னுடையது.

ஆய்வு மாணவியாக இருந்தபோது, விடுதியில் வெவ்வேறு துறைகளையும் மொழிகளையும் சேர்ந்த ஐவர் ஞாயிறுதோறும் கூடி ஏழு மாதங்கள் இவ்வாட்டத்தை ஆடினோம். அமைப்பு ஒன்றின் பொதுவிதிகளையே பின்பற்றினோம். என் பாத்திரம் ஒரு திருடி. குறிப்புத் தாளில் அவளைப் பற்றி ‘பேராசை உடையவள்’ என்று ஒரு சொல்லில் எழுதியிருந்தேன். கணிதத்துறை மாணவர் ஒருவர் பூசகர் பாத்திரத்தை ஆடினார். அவர் இயல்பில் மிகவும் கூச்சம் உடையவர். உணவறையில் எதிரே அமர்ந்தாலும் இரண்டு சொற்களுக்குமேல் பேசமாட்டார். ஆனால் பூசகராக அவர் பேசுவார். இறந்துபோன ஊர்க்காவலனுக்காக ஒருமுறை அவர் நிகழ்த்திய இறுதிவேண்டல் எங்கள் அனைவரையும் அமைதியில் ஆழ்த்தியது.

ஒருநாள் பேழை ஒன்றில் காயமாற்றும் மருந்துக் குப்பிகள் இரண்டு கிடைத்தன. திருடி ஒன்றை மறைத்துக்கொண்டாள். அடுத்து நிகழ்ந்த போரில் பூசகர் வீழ்ந்தார். இவ்வாட்ட விதிப்படி வீழ்ந்தவருக்காக முறைதோறும் பகடை உருட்டப்படும். மூன்று வெற்றி வரின் பிழைப்பார், மூன்று தோல்வி வரின் இறப்பார். இரண்டு தோல்விகள் வந்துவிட்டன. என் முறை. நெறியாளர் என்னைப் பார்த்தார். குப்பி என்னிடம் இருப்பது அவருக்கு மட்டுமே தெரியும். ‘அவள் கொடுக்கமாட்டாள், அவளுக்காகவே வைத்துக்கொள்வாள்’ என்றேன். அப்போதுதான் மற்றவர்களுக்குச் செய்தி தெரிந்தது. முதலில் எல்லோரும் சிரித்தனர். எவ்வளவு பொருத்தமான பேராசை என்று ஒருவர் பாராட்டவும் செய்தார். அடுத்த பகடை உருண்டது. பூசகர் இறந்தார்.

கணித மாணவர் தாளை மடித்து ஏட்டுக்குள் வைத்துக்கொண்டார். ‘பரவாயில்லை, ஆட்டம்தானே’ என்றார். மறுவாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் புதிய பாத்திரத்தோடு வந்தார். அது ஒரு போர்வீரன். பகடை உருட்டினான், வாள் வீசினான், பேசவில்லை. ஆட்டம் முடியும்வரை அவன் பேசவே இல்லை.

நான் எந்த விதியையும் மீறவில்லை. எங்கள் விதிநூல் உடன் ஆடுபவரின் பாத்திரத்தைத் தாக்குவதைத் தடுத்தது. மருந்தைப் பகிர்ந்தே ஆக வேண்டும் என்று கூறவில்லை. ஓங்கும் கையை விதி காணும்; மூடிய கையை அது காண்பதில்லை. விதிக்குள் நின்றும் ஒருவருக்குத் தீங்கு செய்தேன் என்றால், அத்தீங்கு யாது? அதற்கு நான் பொறுப்பாளி எனில், எவ்வாறு?

நடிகரும் ஆடுநரும்

‘என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்’ என்னும் கூற்று தன் வலிமையை நடிப்புக் கலையிலிருந்து கடன் வாங்குகிறது. மேடையில் கொலைகாரனாக நடிப்பவரை எவரும் கொலைகாரர் என்பதில்லை. தெருக்கூத்தில் துச்சாதனன் வேடமிடுபவர் மெய்யாகவே ஒரு பெண்ணை இழிவுபடுத்தினார் என்று எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. சிறந்த நடிகர் பாத்திரத்தின் உணர்ச்சியில் மூழ்காது தெளிந்த அறிவோடு நின்றே பிறரை உருக்குகிறார் என்பது பிரெஞ்சு அறிஞர் தீதரோ 18ஆம் நூற்றாண்டில் எழுதிய உரையாடல் நூலின் மையக் கருத்து. பாத்திரம் வேறு, நடிகர் வேறு என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட உண்மை.

ஆயின் நடிகருக்குக் கிடைக்கும் இவ்விலக்கு எதனால் கிடைக்கிறது? துச்சாதனன் செய்ய வேண்டுவதை நடிகர் முடிவு செய்யவில்லை. கதை முடிவு செய்துவிட்டது. மேசை ஆட்டத்தில் ஆடுநர் தம் பாத்திரத்தின் நடிகர் மட்டுமல்லர். அப்பாத்திரத்தின் ஆசிரியரும் அவரே. திருடி குப்பியைக் கொடுக்கமாட்டாள் என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. நான் கூறியபோதுதான் அது எழுதப்பட்டது. நடிகருக்குரிய இலக்கை ஆசிரியர் கோர இயலாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. படைக்கப்பட்ட பாத்திரம் ஒரு கட்டத்திற்குமேல் தன் போக்கில் செல்லும் என்று எழுத்தாளர் பலர் கூறுவர். பாத்திரத்தின் இயல்புக்கு மாறாக அதனை வளைப்பது கலைப்பிழை அன்றோ? இம்மறுப்பில் உண்மை உண்டு. பேராசைக்காரி ஒருத்தி காரணமின்றி வள்ளலாக மாறின் கதை நைந்துவிடும். ஆனால் இயல்பு என்பது சில வழிகளை அடைக்கும்; ஒரே ஒரு வழியை மட்டும் திறந்து வைக்காது. அத்திருடி குப்பியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைப் பின்னர்க் கேட்டிருக்கலாம். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்திருக்கலாம். கொடுக்கும் கணத்தில் தன்னையே வெறுத்திருக்கலாம். இவை யாவும் பேராசைக்குப் பொருந்துவனவே. கதைக்கும் வளம் சேர்ப்பனவே. மேலும் முந்தைய மாதங்களில் அதே திருடி இரண்டு முறை தன் பங்கைப் பிறருக்குக் கொடுத்திருந்தாள். அதனை நான் மறந்துவிட்டேன் என்பதைவிட, அன்று நினைத்துப் பார்க்க விரும்பவில்லை என்பதே சரி. எனவே ‘அப்படித்தான் செய்யும்’ என்பது பாத்திரத்தின் இயல்பைப் பற்றிய அறிவிப்பு அன்று. அது ஆடுநரின் தேர்வு; அறிவிப்பின் உடையை அணிந்து வருகிறது.

சமூகவியலறிஞர் கேரி ஆலன் ஃபைன் 1983இல் வெளியிட்ட தம் நூலில், இவ்வாட்டங்களில் ஈடுபடுவோர் மூன்று தளங்களில் ஒரே வேளையில் இயங்குகின்றனர் என்பதை விளக்கியுள்ளார். ஒன்று, மெய்யுலக மனிதர். இரண்டு, விதிகளை அறிந்த ஆடுநர். மூன்று, கற்பனை உலகின் பாத்திரம். பொறுப்புத் துறப்பு நிகழும் முறையை இப்பகுப்பு தெளிவாக்குகிறது. மூன்றாம் தளத்தில் நின்று செய்வது போலக் காட்டி, முதல் தளத்து நோக்கம் ஒன்று நிறைவேற்றிக்கொள்ளப்படுகிறது. அன்று என்னை இயக்கியது திருடியின் பேராசை அன்று; ‘எவ்வளவு நன்றாக ஆடுகிறாள்’ என்னும் பாராட்டைப் பெறும் என் பேராசை. குப்பியை மறைத்தவள் திருடி. அதனை அந்தக் கணத்தில் வெளிப்படுத்தி மகிழ்ந்தவள் நான்.

கேட்போர் என்னும் கூறு

கற்பனைக் குரலுக்கும் படைப்பாளிக்கும் இடையிலுள்ள உறவைத் தமிழ் இலக்கணம் நுட்பமாக வரையறுத்துள்ளது. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டும் இயைந்ததே புலனெறி வழக்கம் எனத் தொல்காப்பியம் கொள்கிறது. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்றும் அது விதிக்கிறது. இவ்விதியின் பயன்களுள் ஒன்றாக இதனைக் கருதலாம்: பரத்தை தலைவியைப் பழித்துப் பேசும் சொற்கள் எவ்வளவு கடுமையாக இருப்பினும், அவை மெய்யுலகப் பெண் ஒருத்தியைச் சென்று தைப்பதில்லை. புலவர் பரத்தையாகப் பேசலாம். பழிக்கப்படும் தலைவியோ பாடலுக்குள் மட்டுமே இருக்கிறாள்.

தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று என்பதனோடு கேட்போர் என்பதனையும் செய்யுள் உறுப்பாக எண்ணுகிறது. பேசுவோரைப் போலவே கேட்போரும் பாடலின் அமைப்பில் இன்றியமையாதவர். அகப்பாடலில் கேட்போர் இருவகையினர். பாடலுக்குள் கேட்பவர் தலைவனோ தோழியோ பாங்கனோ ஆவர். பாடலுக்கு வெளியே கேட்பவர் நாம். உள்ளே கேட்பவர் புண்படலாம். வெளியே கேட்பவர் சுவைப்பர். இவ்விருவரும் வேறு வேறானவர் என்பதே அகப்பாடலின் கடுஞ்சொல்லைக் கலையாக்குகிறது.

மேசை ஆட்டத்தில் இவ்வேறுபாடு இல்லை. பார்வையாளர் இல்லாத கலை அது. பூசகரும் கணித மாணவரும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தனர். என் சொல் கற்பனைக்குள் பூசகரை அடைந்த அதே வேளையில், கற்பனைக்கு வெளியே மாணவரையும் அடைந்தது. உள்ளே கேட்பவரும் வெளியே கேட்பவரும் ஒருவரே. எனவே அகப்பாடலின் புலவர்க்குரிய உரிமையை மேசையில் அமர்ந்தவர் அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் அங்கே இயைந்து மட்டும் நிற்கவில்லை. ஒரே உடலில் நிற்கின்றன.

விதியால் வரும் அறம்

இவ்வாறாயின் தீமை செய்யும் பாத்திரங்களையே முற்றிலும் விலக்கிவிடலாமே என்று கருதத் தோன்றும். அமைப்புவழி ஆட்டங்கள் பலவும் இவ்வழியையே நாடின. ஆனால் இவ்வழிக்கும் குறைகள் உண்டு.

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் தொடக்கநிலை விதிகளிலேயே ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என்னும் மூன்று சார்புகள் இருந்தன. பின்னர் நன்மை, தீமை என்னும் அச்சும் சேர்ந்து, 1978ஆம் ஆண்டு ஆடுநர் கையேட்டில் ஒன்பது சார்புகளாக விரிந்தது. பழைய பதிப்புகளில் ஒழுங்கும் நன்மையும் ஒருங்கே உடையவராக மட்டுமே இருக்க வேண்டியிருந்தவர் ‘பாலடின்’ என்னும் அறவீரர். 2000ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, அவர் அறிந்தே ஒரு தீச்செயல் செய்யின் தம் சிறப்பாற்றல்களை இழப்பார். தீயவருடன் கூடிப் பயணம் செய்யவும் அவருக்கு இசைவில்லை. இதன் விளைவு எதிர்பாராதது. பாலடினை ஆடுபவர் உடன் வருவோரையெல்லாம் கண்காணிக்கும் காவலராக மாறுவதும், ‘என் பாத்திரம் இதனைப் பொறுக்காது’ என்று கூறிப் பிறர் ஆட்டத்தைத் தடுப்பதும் நிகழலாயின. தீமையின் பெயரால் நிகழ்வது போலவே நன்மையின் பெயராலும் அதே பொறுப்புத் துறப்பு நிகழ்கிறது. குற்றம் பாத்திரத்தின் சார்பில் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

மற்றொரு குறையும் உண்டு. சரணடைந்த பகைவரை என்ன செய்வது என்பது இவ்வாட்டங்களில் அடிக்கடி எழும் சிக்கல். குகையில் வாழும் ‘காப்ளின்’ கூட்டத்தை வென்றபின், அங்குள்ள குழந்தைகளை என்ன செய்வது? அவ்வினம் முழுதும் தீயது என்று விதிநூல் கூறினால், வினா எழுமுன்னரே விடை தரப்பட்டுவிடுகிறது. பிறப்பாலேயே ஓர் இனம் தீயது என்னும் கருத்தைக் கற்பனையிலும் ஏற்கலாகாது என்னும் குரல் வலுத்ததன் பின்னர், 2020ஆம் ஆண்டு இவ்வாட்டத்தை வெளியிடும் ‘விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்’ நிறுவனம் அத்தகைய சித்திரிப்புகளை மாற்றுவதாக அறிவித்தது. பிறப்பொக்கும் என்னும் கொள்கையைக் குறளில் பயின்ற நமக்கு இம்மாற்றத்தின் இன்றியமையாமையை விளக்க வேண்டுவதில்லை. ஆயின் அதன் அறவியல் பயன் வேறொன்று. விதிநூல் விடை கூறுவதை நிறுத்தியதும், மேசையில் அமர்ந்தோர் தாமே விடை காண வேண்டியவராகின்றனர்.

‘அட்வென்சரர்ஸ் லீக்’ தன் தொடக்க ஆண்டுகளில் கைக்கொண்ட விதி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அது தீமையை முற்றிலும் விலக்கவில்லை. ஒழுங்கு சார்ந்த தீயவரை மட்டும், அதுவும் குறிப்பிட்ட இரு குழுக்களின் உறுப்பினராக இருப்பின் மட்டும் ஏற்றது. தன்னலம் உடையவர் வரலாம். ஆனால் அவர் ஏதேனும் ஒன்றிற்குக் கட்டுப்பட்டவராக வர வேண்டும் என்பது இதன் உட்கருத்து எனலாம். தீமையை அறிந்துகொள்ளக் கற்பனை ஒரு நல்ல இடம். ஒரு கொடியவரின் கண் வழியே உலகைக் காணும்போது, கொடுமை எவ்வளவு எளிதாகத் தன்னை நியாயப்படுத்திக்கொள்கிறது என்பது விளங்கும். அவ்வாய்ப்பை மூடிவிடுவது இழப்பாகும்.

‘ஆட்டம்தானே’ என்னும் வாதம்

இதற்கு நேர்மாறான வாதமும் உண்டு. கற்பனையில் நிகழ்வது எதுவும் மெய்யன்று. ஆகவே அங்கே அறவினாவுக்கு இடமில்லை என்பது அது. 1980களில் அமெரிக்காவில் இவ்வாட்டங்கள் இளைஞரைத் தற்கொலைக்கும் தீய வழிபாட்டிற்கும் இட்டுச் செல்கின்றன என்னும் அச்சம் பரப்பப்பட்டது. அக்குற்றச்சாட்டுகள் நிறுவப்படவில்லை. ஆடுநர் கற்பனையையும் மெய்யையும் குழப்பிக்கொள்வர் என்னும் கருதுகோளே பிழையானது. அந்த அச்சத்தை எதிர்த்து நின்றோர் ‘இது வெறும் ஆட்டம்’ என்று திரும்பத் திரும்பக் கூற நேர்ந்தது. அக்காலத்தில் அது தேவையான விடை. ஆனால் முழுமையான விடை அன்று.

பூசகர் இறந்தது மெய்யன்று. அவரை ஆடியவர் ஏழு மாதங்களாகத் தேடிக் கண்டடைந்த பேச்சு மெய். ஐந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளை ஐவர் ஒருவர் கையில் ஒருவர் ஒப்படைத்தால், அந்த ஒப்படைப்பு மெய். கற்பனைத் தீங்கு மெய்யான தீங்காவது கற்பனை மெய்யாகிவிடுவதால் அன்று; கற்பனையைச் செய்வோர் மெய்யானவர் என்பதால்.

ஆட்டக்காரர் உலகம் இவ்வுண்மையைத் தானாகவே உணர்ந்து வழிகள் கண்டுள்ளது. ஆட்ட ஆசிரியர் ரான் எட்வர்ட்ஸ் 2003இல் கோடுகள், திரைகள் என்னும் இரு கருத்துகளை முன்வைத்தார். கதையில் இடம்பெறவே கூடாதவற்றிற்குக் கோடு. நிகழலாம், ஆனால் விரித்துரைக்கப்படலாகாது என்பனவற்றிற்குத் திரை. 2010களில் பரவிய ‘எக்ஸ் கார்டு’ என்னும் முறையில், மேசை நடுவில் உள்ள அட்டையை எவர் தொட்டாலும் அந்தக் காட்சி காரணம் கேட்கப்படாமலே விடப்படும். இவை வரவேற்கத்தக்கவை. எனினும் இவையும் விதிகளே. கணித மாணவர் முன் அத்தகைய அட்டை இருந்திருந்தாலும் அவர் தொட்டிருக்கமாட்டார். ‘பரவாயில்லை’ என்று கூறுபவரின் முகத்தைப் படிக்கும் கடமையை எந்த அட்டையும் ஏற்றுக்கொள்வதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பாத்திரத்தின் கற்பனைச் செயலை ஆடுநரின் மெய்ச்செயலாகக் கொண்டு பழிப்பது பிழை. திருடியை ஆடுபவர் திருடர் அல்லர். ஆயின் மேசை ஆட்டத்தில் ஆடுநர் பாத்திரத்தின் ஆசிரியராகவும் விளங்குவதால், நடிகருக்குரிய இலக்கு அவருக்கு முழுமையாகப் பொருந்தாது. பாத்திரத்தின் இயல்பு அவர்தம் தேர்வைக் குறுக்கலாம்; தேர்வை அகற்றிவிடுவதில்லை. கற்பனைக்குள் கேட்பவரும் வெளியே கேட்பவரும் ஒருவராகவே இருக்கும் கலை இதுவாதலின், சொல்லும் சொல் சென்று சேரும் இடத்தை அறிந்தே சொல்ல வேண்டியவர் ஆடுநர். விதிகள் அறிமுகமற்றோர் ஒன்றுகூட வழி செய்கின்றன, தாக்குதலைத் தடுக்கின்றன, ஆனால் கொடாமையை அவை காண்பதில்லை. அவ்விடத்தை நிரப்ப வேண்டியது ஆடுநரின் கண்ணோட்டமே. கண்ணோட்டம் என்னும் சொல்லை இங்கு வள்ளுவர் கொண்ட பொருளிலேயே, பிறர்மேல் கண் சென்று நிற்கும் இரக்கம் என்னும் பொருளிலேயே ஆள்கிறேன்.

எனவே ‘என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்’ என்பதற்கு மாற்றாக ஆடுநர் கூறத்தக்கது, ‘என் பாத்திரம் இதனைச் செய்யும் என்று நான் முடிவு செய்கிறேன்’ என்பதாகும். இவ்வாறு கூறிய பின்னரும் திருடியை ஆடலாம், கொடியவரையும் ஆடலாம். தன்மை ஒருமையில் அத்தொடரைக் கூறும்போது, எதிரே இருப்பவரைப் பார்க்காமல் கூறுதல் அரிது என்பதே அதன் பயன்.

அத்தொடராட்டம் முடிந்து ஆண்டுகள் சில கழிந்தன. கணித மாணவர் இப்போது வேறொரு நகரில் ஆசிரியராக உள்ளார். சென்ற ஆண்டு தொலைபேசியில் பேசியபோது அந்தக் குப்பியைப் பற்றி முதன்முறையாக அவரிடம் கூறி வருந்தினேன். சிறிது நேரம் அமைதியாக இருந்தார். பின்னர், ‘அந்தப் பூசகர் பிழைத்திருந்தால் உங்கள் திருடியை ஒருநாள் மனம் மாற்றியிருப்பார், அதற்காக ஒரு பேச்சுக்கூட ஆயத்தம் செய்து வைத்திருந்தேன்’ என்றார். அந்தப் பேச்சு என்ன என்று கேட்டேன். மறந்துவிட்டது என்றார்.